சேனை வைக்கும் விரல்

பிறந்த பிள்ளையின் நாக்கில் சீனித் தண்ணீரைத் தொட்டு வைப்பதைத் தஞ்சைப் பக்கம் சேனை வைப்பது என்பார்கள். குடும்பத்தில் நல்ல குணமுள்ளவராகப் பார்த்து வைக்கச் சொல்வார்கள். அவர் குணம் பிள்ளைக்கு வருமாம். தாய்ப்பால் தவிர எதுவும் கூடாதென்று மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி வழக்கம் குறைந்துவருகிறது. நல்லதுதான். ஆனாலும் அந்தச் சாக்கில் யாராவது ஒருவர் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்துவிடுவார்.

திறக்காத வாயும் உண்டு. மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒட்டியபடியே பிறப்பதை சிங்னேத்தியா என்கிறார்கள். முதலில் விவரித்தவராக மருத்துவ ஏடுகள் குறிப்பது பர்கெட் என்பவரை, 1936-ல். மகப்பேறு மருத்துவர் ஒருவர் இப்படி ஒரு பிள்ளையைப் பார்க்காமலே ஓய்வுபெற்றுவிடலாம், அவ்வளவு அரிது.

சிலருக்கு வெறும் சதைப்பட்டை, சிலருக்கு எலும்போடு எலும்பு. கூடவே அண்ணப்பிளவு, சிறுத்த நாக்கு, முழங்காலுக்குப் பின்னே சவ்வு என்று வேறு குறைகளும் வரலாம். ஒட்டவேண்டிய அண்ணம் ஒட்டாமலும், ஒட்டக்கூடாத தாடை ஒட்டியும் ஒரே பிள்ளைக்கு எப்படி? கருவில் வாய்க்குள் ஒன்றையொன்று உரசும் பாகங்கள் கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க மெல்லிய மேல்தோல் ஒன்று போர்த்திக் காக்கிறது. அதற்கு ஐ.ஆர்.எஃப்.6 என்ற மரபணு வேண்டும். போர்வை பழுதானால் தாடை ஒட்டிவிடும், அண்ணமோ வேறிடத்தில் ஒட்டிக்கொண்டு தன் இணையோடு சேராமல் நின்றுவிடும். உதட்டுப் பிளவும் முழங்கால் சவ்வும் ஓடும் சில குடும்பங்களில் பழுது இந்த மரபணுவில்தான் என்று 2002-ல் கண்டார்கள். கிரகணத்தன்று அரிவாள்மனையைத் தொட்டாள் என்று மருமகள்மேல் பழிபோடும் வீடுகளுக்கு இதை யாராவது சொல்லவேண்டும்.

பிள்ளை மூக்கால் மூச்சு விடும். பாலும் மூக்குக் குழாய் வழியாகவே. வாந்தி வந்தால்தான் பயம், வெளியேற வழியில்லை. சதைப்பட்டையை வெட்டிவிடுவது எளிது. எலும்பென்றால் மயக்கம் கொடுப்பதே பெரும்பாடு: வாய்வழி குழாய் போகாது, வளையும் கருவியை மூக்கில் விட்டு மூச்சுக்குழலைத் தேடவேண்டும். இப்படிப் பிறந்த பிள்ளையைக் காட்ட இடமில்லாமல் இல்லை: தஞ்சாவூரில் தாய்சேய்க்கென்று ராஜா மிராசுதார் மருத்துவமனை இருக்கிறது. பிறவிக் குறைகளைக் கண்டுபிடிக்க 2013-ல் வந்த மத்திய அரசின் திட்டம் 18 வயதுவரை பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது.

அறுவை சில மணி நேரம். பிறகுதான் வேலை. பிரித்த தாடை மறுபடி ஒட்டப் பார்க்கும். தினம் பலமுறை, மாதக்கணக்கில், ஈறுகளுக்கிடையே விரல் கொடுத்து விரிக்கவேண்டும். பல் முளைத்தபின் பற்களுக்கிடையே ஐஸ் குச்சிகளை ஒவ்வொன்றாய்க் கூட்டி அடுக்கவேண்டும். பிள்ளை வீறிட்டு அழும். ஜூனில் மேட்டூர் அணை திறந்து நடவு தொடங்கிவிட்டால் தாய் வயலில் இருப்பாள். குச்சி அப்பாயி கைக்கு வரும். மருத்துவர் முதலில் பழக்கவேண்டியது அந்தக் கையை.