திருவிழாவுக்கு உடுத்தும் கலை: தளர்ந்த ஆடையிலும் தளராத எழில்

சிவபெருமான் அபிஷேகப் பிரியர், திருமால் அலங்காரப் பிரியர் என்பது ஆன்றோர் வழக்கு. ஆயினும் நம் ஆலயங்களில் எத்தெய்வத்திற்கும் அபிஷேகம் நிறைந்தபின் அலங்காரம் நடைபெறாமல் திரை விலகுவதில்லை. திருவிழாக் காலத்தில் அந்தத் திரை விலகும் தருணத்திற்காகவே மணிக்கணக்கில் காத்திருக்கிறோம். அவ்வாறு காத்து நிற்கும் நாமும் அன்று ஒழுங்காக உடுத்தியிருக்க வேண்டும் என்பது முன்னோர் நமக்கு விதித்த மரியாதை.

ஆனால், திருவிழா உடை என்றதும் அண்மைக் காலமாக நம் இல்லங்களில் இரண்டு குறைகள் எழுகின்றன. "சேலை கட்டினால் மூட்டை கட்டியது போல் இருக்கிறது" என்பது இளம் பெண்களின் குறை. "வேட்டி எப்போது அவிழுமோ என்ற பயத்திலேயே சாமி கும்பிட முடியவில்லை" என்பது இளைஞர்களின் குறை. விளைவாக, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தமிழர் உடுத்திவந்த தைக்காத ஆடை, திருமணத்தன்று பிறர் கட்டிவிட அணிந்துகொள்ளும் வேடமாகச் சுருங்கி வருகிறது. குறை துணியிலும் இல்லை, உடலமைப்பிலும் இல்லை. கட்டும் முறையில்தான் இருக்கிறது. அம்முறையை ஆலயத்திலேயே கற்றுக்கொள்ளலாம்.

இறைவன் திருமேனி காட்டும் பாடம்

உற்சவமூர்த்திக்கு வஸ்திரம் சாத்தும் குருக்களின் கைகளைக் கூர்ந்து நோக்குங்கள். ஒரே அகல விரல் மடிப்புகளாக நீண்ட பட்டை மடித்துக்கொள்கிறார். மடிப்பின் தலைப்பை இடையில் கயிற்றால் இறுகக் கட்டுகிறார். அதற்குக் கீழே துணியை விசிறியாக விரியவிடுகிறார். அதன் மேல் மாலையும் ஆரமும் ஏறுகின்றன. ஐம்பொன் திருமேனிக்கும் உடைக்கும் இடையே ஒரு தையல்கூட இல்லை. ஆயினும் வீதியுலா முழுவதும் தேர் குலுங்கினாலும் மடிப்பு குலைவதில்லை.

இதில் அடங்கிய இலக்கணம் மூன்றே விதிகள். ஓரிடத்தில் இறுக்கம் வேண்டும். அதன்பின் மற்ற இடங்களில் தளர்ச்சி அழகாகும். மடிப்புகள் ஓரளவாக இருத்தல் வேண்டும். ஓரம், அதாவது கரை, நேர்க்கோடாக விழுதல் வேண்டும். இம்மூன்றும் அமைந்தால் எத்துணைத் தளர்வான ஆடையும் கம்பீரம் பெறும். இவற்றுள் ஒன்று தவறினாலும் விலையுயர்ந்த காஞ்சிப் பட்டுகூடத் தொளதொளத்துக் காட்சியளிக்கும்.

துணி இறங்கிய துறைமுகம்

இதைப் பேசுவதற்கு மலாக்காவைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1511ஆம் ஆண்டு போர்ச்சுகீசியர் கைப்பற்றுவதற்கு முன்பே சோழமண்டலக் கரையின் துணிகள் இத்துறைமுகத்தில் மலைபோல் குவிந்து, கிழக்குத் தீவுகளுக்குப் பரவின. 1512 முதல் 1515 வரை இங்கிருந்த தோமே பிரேஸ் என்னும் போர்ச்சுகீசியர், அவ்வணிகத்தைத் தம் நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். நம் மலாய் நண்பர்கள் இன்றும் அணியும் கட்டம் போட்ட கைலிக்குக் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். அப்பெயர் சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டின் பெயரிலிருந்து வந்தது. தமிழகத்துத் துறை ஒன்றின் பெயரை இடுப்பில் கட்டிக்கொண்டே இந்நாட்டு மக்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர் என்பது நாம் மறக்கக் கூடாத செய்தி.

அக்கால வணிகர் மரபில் வந்த மலாக்கா செட்டிகள், டச்சுக்காரர் ஆட்சியில் 1781ஆம் ஆண்டு எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், ஜாலான் துக்காங் எமாஸில் இன்றும் அருள்பாலிக்கிறது. மாசிமகத்தன்று முருகப்பெருமானின் வெள்ளி ரதம் இங்கிருந்து செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்திற்குப் புறப்படும்போது கூடும் கூட்டத்தில், தமிழர் ஆடையின் அத்தனை வடிவங்களையும் ஒருசேரக் காணலாம்.

மூன்று ஊக்குகளின் அழகு

மலாக்கா செட்டி மகளிர் காஜா பேராங் பகுதியிலுள்ள தம் ஆலயங்களின் விழாக்களில் கெபாயாவும் சாரோங்கும் அணிந்து வருவர். அவர்களுடைய நீண்ட கெபாயாவுக்குப் பொத்தான் கிடையாது. முன்புறம் திறந்த தளர்வான அங்கி அது. 'கெரோங்சாங்' எனப்படும் மூன்று அணி ஊக்குகளே அதனைச் சேர்த்துப் பிடிக்கின்றன. ஊக்கு இல்லையேல் அது வெறும் தொங்கும் துணி; இருந்தால் ராஜ உடை. மலேசியா உள்ளிட்ட ஐந்து நாடுகள் கூட்டாக முன்மொழிந்த கெபாயா, 2024ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ் வேரும் மலாய்க் கிளையும் கொண்ட நம் செட்டி மகளிர்க்கும் அப்பெருமையில் பங்குண்டு.

கெபாயா தரும் பாடம் சேலைக்கும் பொருந்தும். ஊக்குகள் சிலவாக இருக்க வேண்டும். ஆனால் அவை சரியான இடத்தில் இருக்க வேண்டும். பத்து ஊக்குகள் குத்திய சேலை விறைத்து நிற்கும்; உடுத்தியவர் அதனுள் சிறைப்பட்டவர் போல் தோன்றுவார். தோளில் ஒன்று, கொசுவத்தின் உட்புறம் ஒன்று, தேவைப்படின் முதுகுப்புறத்தில் ஒன்று. இம்மூன்று போதும்.

தோட்டப்புறத்து அடுக்காடை

1896ஆம் ஆண்டு தான் சாய் யான் என்பவர் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் ஆசஹானில் பெருந்தோட்டம் உருவாயிற்று. அதனைத் தொடர்ந்து ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டாளி மக்கள் குடியேறினர். விடியலுக்கு முன் பால்வெட்டச் சென்ற நம் பெண்கள் கொசுக்கடிக்கும் முள்ளுக்கும் அஞ்சிச் சேலை அல்லது கைலியின் மேல் முழுக்கைச் சட்டை அணிந்து, தலையில் துணி சுற்றி, இடையை இறுகக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்தனர். அடுக்கடுக்கான, தளர்வான உடைதான் அது. ஆனால் அதில் அலங்கோலம் இல்லை. ஏனெனில் ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வேலை இருந்தது.

வேலையில்லாத அடுக்கே உடையைக் கெடுக்கிறது. விறைத்த உள்பாவாடை, அதன்மேல் விறைத்த சேலை, அதன்மேல் மடிப்பு மடிப்பாகக் கனத்த முந்தானை என மூன்றும் ஒன்றோடொன்று போட்டியிட்டால் உருவம் பருத்தே தெரியும். ஓர் அடுக்கு தழைய வேண்டுமானால் இன்னோர் அடுக்கு உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். பஞ்சாபி உடைக்கும் இதே விதிதான். மேலங்கி அகலமானால் கால்சட்டை குறுகலாக இருக்கட்டும். கால்சட்டை அகலமானால் துப்பட்டா ஒரு தோளில் ஒழுங்காக மடிந்து தொங்கட்டும். ஆடவர் ஜிப்பா அணியும்போது தோள் தையல் தோளிலேயே அமைய வேண்டும். தோள் சரியாக இருந்தால், கீழே எவ்வளவு தளர்ந்தாலும் இரவல் சட்டை போல் தோன்றாது.

சேலை கட்டும் முறை

முதலில் அளவு. பெரும்பாலான சேலைகள் 6 கஜம், அதாவது ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். மடிசார் கட்டுக்கு 9 கஜம் வேண்டும். ஆலயத்திற்குச் செல்வோர் நினைவில் வைக்க வேண்டிய முதல் விதி, வெறுங்காலுடன் நின்று சேலை கட்டுவது. வீட்டில் உயர்ந்த குதிகால் செருப்புடன் கரையை அளந்துவிட்டு, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினால், இரண்டு அங்குலக் கரை தரையில் புரளும். பார்ப்பதற்கு அலங்கோலம், கூட்டத்தில் பிறர் மிதித்தால் விழுந்து காயப்படும் ஆபத்தும் உண்டு. பெருவிரல் நுனியைக் கரை தொட வேண்டும். தரையைத் தொடக் கூடாது.

உள்பாவாடைக் கயிறு இடையில் நழுவாத அளவு இறுக்கமாக இருக்கட்டும். சேலையின் முழுப் பாரமும் அதன்மேல்தான் நிற்கிறது. கொசுவ மடிப்புகளை உள்ளங்கை அகலத்தில் ஐந்து முதல் ஏழு வரை ஒரே அளவாக எடுத்து, கீழ் நுனிகள் சமமாக உள்ளனவா என்று பார்த்தபின்பே செருக வேண்டும். மேலே ஒழுங்காகவும் கீழே ஏற்றத்தாழ்வாகவும் உள்ள கொசுவமே 'மூட்டை' தோற்றத்திற்கு முதற்காரணம். பருமனான உடல்வாகு உடையோர் விறைத்த பட்டைவிட மெல்லிய, எடையால் கீழ்நோக்கி விழும் பட்டைத் தேர்ந்தெடுத்தல் நலம். மெலிந்தோர்க்குக் கஞ்சி போட்ட கைத்தறிப் பருத்தி எடுப்பாக இருக்கும்.

பட்டுதான் மதிப்பு என்று கடன்பட வேண்டியதில்லை. செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலை அழுத்தமான பருத்தியும் அகலக் கரையும் கொண்டது. உழைக்கும் பெண்களும் உடுத்தி வந்தது. கொசுவத்தைப் பின்புறம் வைத்துக் கட்டும் பின்கொசுவக் கட்டும் அதற்கு உகந்தது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. எளியோர் உடை என்று ஒதுக்கப்பட்டது இன்று பெருமைக்குரிய பொருளாகிவிட்டது. நன்றாகத் துவைத்து, கஞ்சியிட்டு, கரை நேராகக் கட்டிய பருத்திச் சேலைக்கு முன், கசங்கிய பட்டு ஒருபோதும் நிற்காது.

வேட்டிக்கு அச்சம் வேண்டாம்

நான்கு முழ வேட்டி ஏறத்தாழ 1.8 மீட்டர், எட்டு முழ வேட்டி அதன் இரட்டிப்பு. மெல்லிய நான்கு முழம் வெளிச்சத்தில் உள்ளாடையைக் காட்டிவிடும். ஆகவே பூசைக்கும் நீண்ட ஊர்வலத்திற்கும் எட்டு முழத்தை இரட்டையாக மடித்துக் கட்டுவதே கண்ணியம். பஞ்சகச்சத்திற்கு 9 அல்லது 10 முழம் தேவை.

வேட்டி அவிழ்வதற்குக் காரணம் முடிச்சின்மை அன்று. துணியை இடையில் தளர்வாகச் சுற்றுவதே. மூச்சை மெல்ல உள்ளிழுத்து, துணியை இழுத்துச் சுற்றி, நுனியை அகலமாக மடித்துச் செருகி, அதன்மேல் ஒரு சுருட்டு சுருட்டினால் நகராது. அதற்குமேல் பெல்ட் கட்டுவது தவறில்லை. இக்காலத்து ஒட்டிக்கொள்ளும் வேட்டியும் தவறில்லை. சிறுவர்களுக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் பதினாறு வயதிலாவது அவர்கள் முறையாகக் கட்டிப் பழக வேண்டும். கரை பக்கவாட்டில் செங்குத்தாக விழுதலும், கீழ்ஓரம் இரு கணுக்கால்களிலும் ஒரே உயரத்தில் நிற்றலும் முக்கியம். தோள் துண்டைச் சந்நிதியில் இடுப்பில் கட்டிக்கொள்வது பணிவின் அடையாளம். உடையைக் காக்கும் உபாயமும் அதுவே.

நேர்த்திக்கடன் செலுத்துவோர் கவனத்திற்கு

பால்குடம் ஏந்துவோர் நனைவர் என்பது உறுதி. மெல்லிய செயற்கை இழைத் துணி நனைந்தால் உடலோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தமான மஞ்சள் பருத்தியே கண்ணியம் காக்கும். முந்தானையை முன்னே கொண்டுவந்து இடையில் செருகிவிட்டால் இரு கைகளும் குடத்திற்குக் கிடைக்கும். காவடி எடுப்போர் வேட்டியைக் கச்சமாகக் கட்டினால் ஆட்டத்தில் கால் தடுக்காது.

தீயைப் பற்றிய எச்சரிக்கை இதைவிட முக்கியமானது. கற்பூரமும் நெய்விளக்கும் சூழ்ந்த இடத்தில் பறக்கும் முந்தானையே பேராபத்து. நைலான், பாலியெஸ்டர் துணிகள் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக் கடுங்காயம் விளைவிக்கும். பருத்தியும் எரியும், ஆயினும் உருகி ஒட்டுவதில்லை. ஆகவே விளக்கேற்றும்போது எத்துணியாயினும் முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். தேர்வடம் பிடிக்கும் மகளிர் சக்கரத்திற்கு அருகே முந்தானையையும் துப்பட்டாவையும் ஒருபோதும் தொங்கவிடலாகாது.

கையிலிருந்து கைக்கு

உலகில் தைக்காத ஆடை பலரிடம் இருந்தது. பண்டைய ரோமாபுரியின் பெருமக்கள் 'தோகா' என்னும் நீண்ட துணியைச் சுற்றிக்கொண்டனர். அதை ஒழுங்காக மடிக்க ஏவலர் துணை தேவைப்பட்டது. இன்று அது அருங்காட்சியகச் சிலைகளில் மட்டுமே உள்ளது. சேலையும் வேட்டியும் அவ்வாறு ஆகாமல் தழைத்ததற்குக் காரணம், தாய் மகளுக்கும் தந்தை மகனுக்கும் கட்டக் கற்றுத்தந்ததே.

தோட்டங்களில் அண்டை வீட்டு அக்காவோ பாட்டியோ கொசுவத்தைப் பிடித்துவிடுவார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்து அடுக்ககங்களுக்குச் சிதறியபோது, அந்த உதவிக் கைகளும் பிரிந்துபோயின. கலை மறையத் தொடங்கியது அங்கேதான். எனவே ஆலய நிர்வாகத்தினர்க்கு ஒரு வேண்டுகோள்: கொடியேற்றத்திற்கு முந்தைய வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, மூத்தோரைக் கொண்டு இளையோர்க்குச் சேலையும் வேட்டியும் கட்டக் கற்றுத்தாருங்கள். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு மண்டபமும் சில பழைய சேலைகளும் வேட்டிகளும் போதும். இனித் தங்களால் உதவ இயலாது என்று ஒதுங்கியிருக்கும் பாட்டிமார்களுக்கும் அது விழாவில் ஓர் உரிய இடத்தை அளிக்கும்.

திரை விலகி, தீபாராதனை ஒளியில் இறைவன் திருமேனியில் ஒழுகும் மடிப்புகளைக் காணும்போது, நம் உடையிலும் அவ்வொழுங்கு சிறிது இருக்கட்டும். இடையில் உறுதி, மடிப்பில் அளவு, கரையில் நேர்மை ஆகிய மூன்றும் உடைக்கு மட்டுமன்று, வாழ்வுக்கும் இலக்கணமே. அனைவர்க்கும் திருவருள் பெருகுக!