உங்களுக்குத் தெரியுமா? ஒரு அணையும் ஒரு புதிய மாவட்டமும்

மட்டக்களப்பு வாவி முழுவதும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இல்லை! அதன் தென்முனை அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறது. இந்த மாவட்ட எல்லையை வரைந்தது இயற்கையல்ல, அரசியல்.

● 1949: இலங்கையின் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் அரசு கல்லோயா அபிவிருத்திச் சபையை அமைத்தது. இங்கினியாகலையில் கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றை மறித்த அணையால் உருவான நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரே நிலைத்தது: சேனநாயக்க சமுத்திரம்.

● 1956: இதற்குள் வெளி மாவட்டங்களிலிருந்து சிங்களக் குடும்பங்கள் கல்லோயாத் திட்டத்தில் பெருமளவில் குடியேற்றப்பட்டிருந்தன. ஆற்றின் கீழ்ப்புறத்தில் தலைமுறைகளாக வயல் செய்தவர்கள் தமிழரும் முஸ்லிம்களும். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டம் வந்த ஜூன் மாதத்தில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழருக்கு எதிரான வன்செயல் வெடித்தது.

● 1957: ஜூலை 26இல் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுவோரைத் தெரிவுசெய்யும் அதிகாரத்தைப் பிராந்திய சபைகளுக்கு வழங்க இணங்கியது. எதிர்ப்புக்குப் பணிந்து, 1958 ஏப்ரலில் பண்டாரநாயக்க அதைக் கைவிட்டார்.

● 1961: கல்லோயாப் பள்ளத்தாக்கு உட்பட, மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிந்து அம்பாறை மாவட்டமானது.

இன்று ஒரே வாவிக்கரையில் வாழ்வோரின் வாக்குகள் மட்டக்களப்பு, திகாமடுல்ல (அம்பாறை) என இரண்டு தேர்தல் மாவட்டங்களில் எண்ணப்படுகின்றன.