அயர்லாந்துப் படிப்பு: அடக்க விலை போட்டுப் பார்த்தோமா?

பிளஸ் டூ முடித்த பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைத்து, மண்டிக்கு அழைத்துச் சென்று சரக்குப் பழக்கிய காலம் ஒன்று உண்டு. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். இது மகிழ்ச்சிக்குரிய மாற்றமே. அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்றிருந்த பட்டியலில் இப்போது அயர்லாந்தும் சேர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் பாடம், ஐரோப்பிய ஒன்றியத்தில் இடம், 1980 முதல் கார்க் நகரில் ஆப்பிள், 1989 முதல் லீக்ஸ்லிப்பில் இன்டெல் என்று பெரிய நிறுவனங்கள். பிள்ளைகள் ஆசைப்படுவதில் தவறில்லை.

ஆனால் ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்கும்போது கூட வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்து அடக்க விலை போடும் நாம், கோடி ரூபாயைத் தொடும் இந்தச் செலவுக்கு அடக்க விலை போடுகிறோமா? கட்டணத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுபவர்கள் உண்டு. பாதி வழியில் கடை முதலில் கை வைக்க நேருவது அதனால்தான்.

பழைய தொடர்பு

அயர்லாந்துக்குப் படிக்கப் போவது நமக்குப் புதிதல்ல. அன்றைய சென்னை மாகாணத்தின் பெர்காம்பூரில் பிறந்த வி.வி.கிரி 1913-இல் டப்ளின் சென்று சட்டம் படித்தார். 1916-இல் அங்கு ஈஸ்டர் எழுச்சி நடந்தது. அந்த ஆண்டே அவர் நாடு திரும்பினார். பின்னாளில் 1969 முதல் 1974 வரை இந்தியக் குடியரசுத் தலைவராக விளங்கினார்.

அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் பழமை வாய்ந்தவை. டப்ளின் டிரினிட்டி கல்லூரி 1592-இல் தொடங்கப்பட்டது. கார்க், கால்வே நகரக் கல்லூரிகள் 1845-இல் நிறுவப்பட்டவை. லிமெரிக் பல்கலைக்கழகமும் டப்ளின் நகரப் பல்கலைக்கழகமும் 1989-இல் பல்கலைக்கழக நிலை பெற்றன. ஆகவே சரக்கு நல்ல சரக்குதான். நமக்கு அந்த விலை கட்டுமா என்பதே கேள்வி.

ஒரே சரக்கு, இரண்டு விலை

'அயர்லாந்தில் கல்லூரிப் படிப்பு இலவசம்' என்று சிலர் சொல்லக் கேட்டிருப்போம். அது பாதி உண்மை. 1996 முதல் அங்கு இளநிலைப் படிப்புக்கான கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆனால் அது வசிப்பு நிபந்தனைக்கு உட்பட்ட ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் முதலானோருக்கு. அவர்களும் ஆண்டுதோறும் ஒரு பங்களிப்புத் தொகை கட்டுகிறார்கள். இந்தியாவிலிருந்து போகும் நம் பிள்ளை முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். பாடத்தையும் கல்லூரியையும் பொறுத்து அது ஆண்டுக்கு ஏறக்குறைய 12,000 யூரோவில் தொடங்கி 25,000 யூரோவுக்கு மேலும் போகும். மருத்துவத்துக்கு இதைப்போல் இரண்டு பங்கு. அதோடு, வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இங்கு தொழில் செய்ய 'நீட்' தேர்ச்சியும் தேவை என்பதை மறக்கக் கூடாது.

கணக்கைப் போடுவோம்

உதாரணமாக, ஆண்டுக் கட்டணம் 20,000 யூரோ, நான்கு ஆண்டுப் படிப்பு என்று கொள்வோம். வாடகை, சாப்பாடு, பயணம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கு 12,000 யூரோ. விசாவுக்கே, கட்டணம் போக ஆண்டுச் செலவுக்கென்று 10,000 யூரோ கையிருப்பைக் காட்ட வேண்டும் என்று 2023 ஜூலையில் விதி வந்தது. டப்ளினில் வீட்டுத் தட்டுப்பாடு கடுமை. 12,000 கூடப் போதாமல் போகலாம். சிறு நகரங்களில் வாடகை சற்றுக் குறைவு.

ஆக ஆண்டுக்கு 32,000 யூரோ. நான்கு ஆண்டுக்கு 1,28,000 யூரோ. கணக்கு வசதிக்காக யூரோ ஒன்றுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் 1 கோடியே 28 லட்சம் ரூபாய். குடியேற்றப் பதிவுக்கு ஒவ்வொரு முறையும் 300 யூரோ, விமான டிக்கெட், குளிர் உடைகள் எல்லாம் இதற்கு மேல்.

இன்னொன்று. 2015-இல் 70 ரூபாய் அளவில் இருந்த யூரோ 2025-இல் 100 ரூபாயைத் தாண்டியது. இறக்குமதிச் சரக்கு எடுப்பவர்களுக்கு இந்த வலி தெரியும். முதலாண்டுக் கட்டணத்தை வைத்து நான்காம் ஆண்டைக் கணக்கிடக் கூடாது. போட்ட கணக்குக்கு மேல் பத்தில் ஒரு பங்காவது சேர்த்து வைப்பதே விவேகம்.

பகுதி நேர வேலை: வரவில் எழுதாதீர்கள்

'பையன் அங்கேயே வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்வான்' என்பது அடிக்கடி கேட்கும் ஆறுதல். அங்குள்ள விதி இதுதான்: அரசு ஏற்ற பட்டியலில் உள்ள படிப்பில் சேர்ந்தவர் கல்லூரி நாட்களில் வாரம் 20 மணி நேரமும், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் டிசம்பர் 15 முதல் ஜனவரி 15 வரையிலும் வாரம் 40 மணி நேரமும் வேலை செய்யலாம்.

கூலியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2025-இல் அங்கு குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.50 யூரோ. ஆனால் 18 வயதுப் பிள்ளைக்கு அதில் 80 சதவீதமே, அதாவது 10.80 யூரோவே, சட்டப்படி கட்டாயம். 19 வயதில் 90 சதவீதம். பிளஸ் டூ முடித்துப் போகும் பிள்ளையின் வயதே அதுதான். வாரம் 20 மணி நேரம் முழுதாகக் கிடைத்தாலும் 216 யூரோ. அது சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் உதவும், வாடகையில் ஒரு பகுதிக்கு உதவும், கட்டணத்துக்கு உதவாது. அதுவும் வேலை கிடைத்தால்தான். வராத பாக்கியை வரவில் எழுதும் கணக்கு என்ன கணக்கு?

மாணவர் அனுமதியில் சொந்தத் தொழில் செய்யவும் இயலாது. 'படித்துக்கொண்டே அங்கு ஒரு சிறு கடை போடுவான்' என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுவது நல்லது.

பட்டம் பெற்ற பின்

நாம் மிகவும் யோசிக்க வேண்டிய இடம் இது. இளநிலை ஹானர்ஸ் பட்டம் பெற்றவர் வேலை தேடி அங்கு தங்க 12 மாத அனுமதி உண்டு. முதுநிலைப் பட்டம் பெற்றவருக்கு 24 மாதம். அதற்குள், வேலை அனுமதி பெறத் தகுந்த பணியும் அதற்கு விதித்த சம்பளமும் தரும் நிறுவனத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். பொறியியல், கணினி போன்ற துறைகளுக்கு வழி இருக்கிறது; கடை விற்பனைப் பணிக்கு அனுமதி இல்லை.

அங்கு முதுநிலைப் படிப்புகள் பல ஓராண்டிலேயே முடிகின்றன. இங்கு பட்டம் முடித்து, அங்கு ஓராண்டு படித்தால் செலவு ஏறக்குறைய நான்கில் ஒன்று. தங்கும் காலமோ இரு மடங்கு. அப்படியானால் இளநிலைக்கே அனுப்புவது வீண் என்று சொல்லலாமா? கூடாது. நல்ல உதவித்தொகை கிடைத்த பிள்ளைக்கும், தன் துறையை உறுதியாகத் தேர்ந்துகொண்ட பிள்ளைக்கும், வசதி படைத்த குடும்பத்துக்கும் அந்த நான்கு ஆண்டுகள் பெரும் அனுபவம். மற்றவர்கள் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தரகர் சொல்லும் தரம்

ஏஜெண்டுகளில் நேர்மையானவர்களும் உண்டு. ஆயினும் அவர்களில் பலருக்குக் கல்லூரி கமிஷன் தருகிறது. கமிஷன் வாங்குபவர் எந்தச் சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2014, 2015 ஆண்டுகளில் அயர்லாந்தில் தனியார் கல்லூரிகள் பல திடீரென மூடப்பட்டன; பணம் கட்டிய வெளிநாட்டு மாணவர்கள் தவித்தார்கள். ஆகவே, படிப்பு அந்நாட்டுத் தகுதி வரிசையில் எட்டாம் நிலையா, அரசுப் பட்டியலில் இருக்கிறதா, விசா மறுக்கப்பட்டால் கட்டிய பணம் திரும்புமா என்பதைக் கல்லூரியிடமே நேரில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். வாடகை வீட்டை நேரில் காணாமல் முன்பணம் அனுப்பவே கூடாது.

கடை முதல் புனிதமானது

சரக்கு எடுக்கும் பணம் வேறு, சேமிப்பு வேறு. நடைமுறை மூலதனத்திலிருந்து கட்டணம் கட்டினால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சரக்குப் போட முடியாது. சப்ளையருக்குத் தவணை தவறும். பல ஆண்டு நாணயம் போகும். ஓ.டி. கணக்கில் எடுத்துக் கட்டுவது அதைவிட ஆபத்து.

கல்விக் கடன் வாங்கினால் பெருந்தொகைக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கும். குடியிருக்கும் வீட்டையும் கடையையும் சேர்த்துப் பிணை வைக்காமல் ஒன்றையாவது விட்டுவைக்க வேண்டும். படிக்கும் காலத்தில் அசல் கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை பழைய வரி முறையில் மட்டுமே உண்டு. சொந்தப் பணத்தை அனுப்பினால், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி வரி பிடிக்கும். அதை வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் இந்தப் பிடித்தம் இல்லை. ஆடிட்டரைப் பணம் அனுப்பும் முன்பே பாருங்கள்.

முடிவாக, முன்பணம் கட்டுமுன் குடும்பத்தோடு உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுவோம். முழுப் படிப்புக்கும் பணம் எங்கிருந்து வரும்? ஒரு வருடம் வியாபாரம் மந்தமானால் அந்த ஆண்டுக் கட்டணத்தை எதைக் கொண்டு கட்டுவோம்? பட்டம் பெற்று 12 மாதத்தில் அங்கு வேலை அமையாமல் பிள்ளை திரும்பினால், கடனை அடைக்க நம் கடை தாங்குமா?

மூன்றுக்கும் தெளிவான விடை இருந்தால் மகனையோ மகளையோ மனநிறைவோடு வழியனுப்புங்கள். விடை இல்லையென்றால் பிள்ளையிடமே கணக்கு நோட்டைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு புரியாமல் போகாது.