பந்தலுக்குக் கீழே

முல்லைப் பெரியாறு அணையில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர்? கம்பத்தில் டீ ஆற்றுபவர்கூடச் சொல்லிவிடுவார். 136 அடி, 142 அடி என்ற நீர்மட்ட வரம்புகள், 2014-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் இங்கே மனப்பாடம். உங்கள் தோட்டத்து போர் எத்தனை அடி என்று கேட்டுப்பாருங்கள், பேச்சு மாறிவிடும்.

1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை, மேற்கே ஓடிய ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது. வாய்க்கால் பாயும் வயலில் இருபோக நெல். எட்டாத மேட்டுத் தோட்டங்களுக்கு போர்தான் கதி. விவசாய மின்சாரம் 1990 முதல் எல்லோருக்கும் இலவசம். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம். தண்ணீர் மிச்சமாவது உண்மைதான். அந்த மிச்சத்தில் இன்னும் இரண்டு ஏக்கர் வாழை வைத்தால், நிலத்தடிக்கு என்ன மிச்சம்?

திராட்சையின் கதை வேறு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, ஆண்டு முழுவதும் அறுவடையாகும். அதுதான் அதன் பெருமை, வம்பும் அதுவே. ஒரு தோட்டம் கவாத்தில் நிற்கும்போது பக்கத்துத் தோட்டம் துளிர்க்கிறது. செவட்டை நோய்க்கு ஓய்வே கிடையாது. மழை மூட்டம் போட்டால் போர்டோ கலவை கரைக்கிறார்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. துலக்கிய இரும்புக் கத்தியைக் கலவையில் முக்கி எடுக்க வேண்டும். செம்பு படிந்து சிவந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும். இலையைக் காப்பாற்ற இத்தனை கவனம். மண்ணுக்கு?

ஒரு கிலோ துத்தத்தில் கால் கிலோ செம்பு. அது மக்காது, மேல்மண்ணிலேயே தங்கும், அளவு மீறினால் மண்புழுவையும் நுண்ணுயிரையும் வாட்டும். இந்தக் கலவை பிறந்ததே பிரான்சில்தான். அங்கேயே இன்று ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ செம்பு என்று வரம்பு கட்டிவிட்டது. நம் பந்தல்களில் கணக்கு வைத்திருப்பவரைத் தேட வேண்டும். தோட்டத்து உரமும் மருந்தும் மழையில் வடிந்தால் போகும் வழி முல்லைப் பெரியாறு, பிறகு வைகை அணை, அதற்கும் பிறகு மதுரைக் குடிநீர்.

மண்வள அட்டையில் செம்புக்கும் ஒரு வரி உண்டு. பற்றாக்குறை இருக்கிறதா என்று பார்ப்பதற்கான வரி அது. அடுத்த முறை மண் கொடுக்கும்போது, கூடுதலாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த கவாத்துக்குப் போங்கள்.