பல்லைக் கடிச்சுக்கிட்டு வேலை பார்க்கிறீங்களா? தேயுறது உங்க பல்லுதான்!

காலையில் எழுந்ததும் தாடை வலி, ஐஸ்க்ரீம் சாப்பிட்டால் கூச்சம், முன்பல் ஓரத்தில் சின்ன உடைசல்... இதெல்லாம் பேஸ்ட் மாற்றினால் சரியாகிவிடும் பிரச்சினையா? பல் ஏன் தேய்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு விளக்கம்.

இதைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொண்டு இருக்கின்றனவா? சும்மா ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

வாய் ஓய்வாக இருக்கும்போது உதடுகள் மூடியிருக்கலாம். ஆனால், பற்கள் தொடக் கூடாது. இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே இயல்பு. மூன்று வேளை சாப்பாட்டை மெல்வது, எச்சில் விழுங்குவது எல்லாம் சேர்த்தாலும், ஒரு நாளில் பற்கள் நிஜமாகத் தொட்டுக்கொள்ளும் நேரம் அரை மணி நேரத்தைத் தாண்டாது.

இப்போது சாயங்கால ஆழ்வார்பேட்டையை நினைத்துப் பாருங்கள். மெட்ரோ ரயில் பணிக்காக வைத்த தடுப்புகள், சுருங்கிப்போன சாலை, மேம்பாலத்தின் கீழே நகராத வண்டிகள். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தாடை என்ன செய்துகொண்டிருக்கும்? பெரும்பாலும் இறுகியிருக்கும். ஆபீஸில் டெட்லைன் நெருங்கும்போதும், லேப்டாப்பில் 'மீட்டிங்' ஓடும்போதும் இதே கதைதான்.

கஷ்டத்தைச் சகித்துக்கொள்வதற்குத் தமிழில் நாம் சொல்லும் வார்த்தையே 'பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு' என்பதுதான். கோபம் வந்தால் 'பல்லை நறநறவெனக் கடிப்பது'. மன அழுத்தத்துக்கும் பல்லுக்கும் உள்ள தொடர்பு நம் மொழிக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதற்குப் பல் கொடுக்கும் விலைதான் நமக்குத் தெரிவதில்லை.

வயசானால் பல் தேய்வது சகஜம்தானே?

சகஜம்தான். ஆனால், எவ்வளவு வேகத்தில் என்பதுதான் கேள்வி.

பல்லின் மேலுறையான எனாமல், நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதன் எடையில் சுமார் 96 சதவீதம் தாதுக்கள். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், கடைவாய்ப் பல்லின் எனாமல் இயல்பான பயன்பாட்டில் ஆண்டுக்குச் சுமார் 29 மைக்ரான்தான் தேய்கிறது என்று கணக்கிட்டார்கள். அப்படிப் பார்த்தால் 1 மில்லிமீட்டர் தேய 34 ஆண்டுகள் ஆகும்.

ஆக, 60 வயதில் பல் கொஞ்சம் தட்டையாக இருந்தால் அது வயசு. 27 வயதிலேயே தட்டையாக, மஞ்சளாக, கூச்சத்தோடு இருந்தால் அது வயசு இல்லை. வேறு ஏதோ ஒன்று பல்லைத் தின்கிறது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். எலும்பு முறிந்தால் சேரும், தோல் கிழிந்தால் வளரும். எனாமல் அப்படி இல்லை. அதை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. லேசாகத் தாது இழந்த எனாமலை எச்சிலும் ஃப்ளூரைடும் மறுபடி கெட்டிப்படுத்தும். ஆனால், தேய்ந்து போன எனாமல் போனதுதான்.

பல்லைத் தேய்ப்பது யார்?

பொதுவாக மூன்று பேர். பல நேரங்களில் இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்தே வேலை செய்வார்கள்.

1. அமிலம்: வாயில் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். கோலா பானங்களின் பி.எச். சுமார் 2.5. எலுமிச்சைச் சாறும் ஏறக்குறைய அந்த அளவுதான். பி.எச். கணக்கில் ஒவ்வொரு எண் இறங்கும்போதும் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும். அதாவது 5.5-க்கும் 2.5-க்கும் இடையே 1,000 மடங்கு வித்தியாசம்.

'டயட்' என்று தினமும் வெறும் வயிற்றில் லெமன் வாட்டர் அல்லது ஆப்பிள் சிடர் வினிகர், ஜிம்மில் எனர்ஜி டிரிங்க், வெயிலுக்கு லெமன் சோடா எனப் போகும் நாளில் பல்லுக்கு ஓய்வே கிடைக்காது. எவ்வளவு குடிக்கிறோம் என்பதைவிட, எத்தனை தடவை, எவ்வளவு நேரம் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

அமிலம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. ராத்திரி 11 மணிக்கு பிரியாணி சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கும்போது எதுக்களித்து வரும் வயிற்று அமிலம், எலுமிச்சையைவிட மோசம். தூக்கத்தில் எச்சில் சுரப்பும் குறைவு என்பதால் அதைக் கழுவிவிட ஆள் இல்லை. மேல் முன்பற்களின் உட்பக்கம் தேய்ந்திருந்தால் பல் மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

2. உராய்வு: செங்கல் தூள், கரி, சாம்பல் என்று தேய்த்த தலைமுறைக்கு இந்தத் தேய்மானம் நன்றாகத் தெரியும். இன்று அதே கரி 'சார்கோல் பேஸ்ட்' என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறது. கடினமான பிரஷ்ஷை வைத்துப் பாத்திரம் விளக்குவதுபோல அழுத்தித் தேய்த்தாலும் ஈறு ஓரத்தில் 'V' வடிவில் பள்ளம் விழும்.

3. பல்லோடு பல்: வாயில் சாப்பாடே இல்லாமல் பல்லைப் பல்லால் அரைப்பது அல்லது இறுக்கிக் கடிப்பது. மருத்துவத்தில் இதற்குப் பெயர் 'புரூக்ஸிசம்'. 1907-ல் பிரெஞ்சில் 'புரூக்ஸோமேனி' என்று எழுதப்பட்டதிலிருந்து வந்த சொல் இது.

பகல் கடி, ராத்திரி கடி

பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இவை இரண்டும் வேறு வேறு. 2018-ல் சர்வதேச நிபுணர்கள் கூடி வெளியிட்ட வரையறையும் இவற்றைத் தனித்தனியாகவே பிரிக்கிறது.

பகல் கடி என்பது பெரும்பாலும் சத்தமே இல்லாமல் இறுக்குவது. கவலை, மன அழுத்தம், அதீத கவனம் ஆகியவற்றோடு தொடர்புடையது. எக்ஸெல் ஷீட் பார்க்கும்போது, ஜிம்மில் வெயிட் தூக்கும்போது, கேம் ஆடும்போதெல்லாம் வரும்.

ராத்திரி கடி தூக்கத்தில் நடப்பது. ஆழ்ந்த தூக்கத்தைவிட, மேலோட்டமான தூக்கத்தில்தான் அதிகம். மூளை சில நொடிகள் லேசாக விழிக்கிறது, இதயத் துடிப்பு கூடுகிறது, அதைத் தொடர்ந்து தாடைத் தசை தாளம் போடுவதுபோல இயங்குகிறது. கடிப்பவருக்கு எதுவும் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் 'கரக் கரக்' சத்தம் கேட்கும். ரூம் மேட்டோ மனைவியோ கணவரோ சொன்னால், 'நானா? சான்ஸே இல்ல' என்று சண்டை போடாதீர்கள். இதில் அவர்கள்தான் நம்பகமான சாட்சி.

எவ்வளவு பேருக்கு இது இருக்கிறது? 2013-ல் வெளியான ஒரு ஆய்வுத் தொகுப்பின்படி, வயது வந்தவர்களில் பகல் கடி 22 முதல் 31 சதவீதம் பேருக்கும், அடிக்கடி வரும் ராத்திரி கடி சுமார் 13 சதவீதம் பேருக்கும் இருக்கிறது.

கொரோனா காலம் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2021-ன் தொடக்கத்தில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் நடத்திய கருத்துக்கணிப்பில், பல்லைக் கடித்துக்கொண்டு வரும் நோயாளிகள் அதிகரித்திருப்பதாக 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட பல் மருத்துவர்கள் சொன்னார்கள். விரிசல் விட்ட பற்களும் கூடியதாக 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள்.

ஏன் கடிக்கிறோம்?

மன அழுத்தம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. புகைபிடித்தல், மது, அளவுக்கு மீறிய காபி ஆகியவை ராத்திரி கடியோடு தொடர்புடையவை. (காலையில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடிப்பவர்கள் பதறத் தேவையில்லை. ராத்திரி ஷிஃப்ட்டில் ஆறாவது கப்புக்குப் போகிறவர்கள் யோசிக்கலாம்.) குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம்.

மனச்சோர்வு, பதற்றத்துக்குத் தரப்படும் ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளாலும் சிலருக்குப் பல் கடித்தல் தொடங்கலாம். அப்படித் தோன்றினால் மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கிறது.

சத்தமான குறட்டை, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, பகலில் தூங்கி வழிவது ஆகியவையும் சேர்ந்து இருந்தால், பல்லோடு தூக்கத்தையும் பரிசோதிக்க வேண்டும்.

முன்பெல்லாம் 'பல் வரிசை சரியில்லாததால்தான் கடிக்கிறீர்கள்' என்று சொல்வார்கள். இன்றைய ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. கடிப்பதை நிறுத்துவதற்காக நல்ல பல்லை ராவிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால், இரண்டாவது கருத்து கேட்பது நல்லது.

'வயித்துல பூச்சி இருக்கு'... உண்மையா?

குழந்தை தூக்கத்தில் பல்லைக் கடித்தால் பாட்டி சொல்லும் முதல் வார்த்தை இதுதான். பூச்சிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. குழந்தைகளிடம் பல் கடித்தல் மிகவும் சாதாரணம். பெரும்பாலானோருக்கு வளர வளரத் தானாகவே போய்விடும். தேய்ந்த பால் பற்களும் விழுந்து புதுப் பற்கள் வந்துவிடும்.

பூச்சி மாத்திரை கொடுக்கக் கூடாதா? தேசிய குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தாராளமாகப் போட வையுங்கள். அது பூச்சிக்கு நல்லது. பல் கடிப்பது அதனால் நிற்கும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம்.

கண்ணாடி முன் நின்று பாருங்கள்

* முன்பற்களின் ஓரம் நேர்கோடாகத் தட்டையாகிவிட்டதா, அல்லது கண்ணாடிபோல ஊடுருவித் தெரிகிறதா?
* கடைவாய்ப் பல்லின் மேட்டில் சின்னக் குழி, அதற்குள் மஞ்சள் நிறம் தெரிகிறதா? எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின்தான் அந்த மஞ்சள்.
* முன்பு அடைத்த ஃபில்லிங், சுற்றியுள்ள பல்லைவிட மேடாகத் தெரிகிறதா? பல்தான் கரைந்திருக்கிறது என்று அர்த்தம்.
* நாக்கின் ஓரத்தில் பல் தடம், கன்னத்தின் உள்ளே வெள்ளைக் கோடு இருக்கிறதா?
* காலையில் எழும்போது தாடை இறுக்கம், நெற்றிப் பொட்டில் வலி, பிறகு மெல்லக் குறைவது?
* ஃபில்லிங்கோ கேப்போ அடிக்கடி உடைந்து விழுகிறதா?

இதில் ஒன்று இருந்தால் கவனியுங்கள். இரண்டு மூன்று இருந்தால் பல் மருத்துவரைப் பாருங்கள். காலைத் தலைவலிக்கு மாத்திரை, கூச்சத்துக்கு சென்சிட்டிவ் பேஸ்ட் என்று வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் நிறைய. கூச்சம் அடங்கினாலும், அடியில் தேய்மானம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அது நரம்பு வரை போனால் ரூட் கெனால், கேப் என்று செலவும் சிகிச்சையும் வேறு லெவலுக்குப் போய்விடும்.

சரி, என்ன செய்யலாம்?

பகல் கடிக்கு: இது நீங்களே நிறுத்தக்கூடியது. 'உதடு மூடி, பல் விலகி' என்பதுதான் மந்திரம். போனில் மணிக்கு ஒருமுறை அலாரம் வையுங்கள், அல்லது மானிட்டர் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்தி, நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் வைத்து, ஒரு மூச்சு விடுங்கள். பேனா மூடி, நகம் கடிப்பதையும் விடுங்கள்.

ராத்திரி கடிக்கு: தூக்கத்தில் நடப்பதை மன உறுதியால் நிறுத்த முடியாது. பல்லைக் காப்பாற்றத்தான் முடியும். அதற்குத்தான் 'நைட் கார்டு'. உங்கள் பல்லை அளவெடுத்துச் செய்யும் ஒரு உறை இது. இது கடிப்பதை நிறுத்தாது. நீங்கள் கடிக்கும்போது பல்லுக்குப் பதில் அது தேயும். குறட்டை பிரச்சினை இருந்தால் அளவெடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சாயங்காலத்துக்குப் பிறகு காபி, படுக்கும் முன் சிகரெட், மது ஆகியவற்றைத் தவிர்ப்பது எப்படியும் நல்லது.

அமிலத்துக்கு: ஜூஸ், சோடாவைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடியுங்கள். வாயில் வைத்துக் கொப்பளிக்காதீர்கள். குடித்ததும் வெறும் தண்ணீரால் வாயைக் கழுவுங்கள், உடனே பிரஷ் செய்யாதீர்கள். மென்மையாகிப்போன எனாமலை பிரஷ் இன்னும் தேய்த்துவிடலாம் என்பதால் அரை மணி நேரமாவது காத்திருக்கச் சொல்கிறார்கள். கர்ப்ப காலத்தில் வாந்தி எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். அடிக்கடி எதுக்களித்தால் வயிற்றுக்கும் சிகிச்சை தேவை. மென்மையான பிரஷ், ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட் போதும்.

எங்கே காட்டலாம்?

தெருவுக்குத் தெரு டென்டல் கிளினிக் இருக்கும் ஏரியா இது. செலவுக்கு யோசிப்பவர்கள், சென்னை கோட்டை ரயில் நிலையம் எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டை நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம்.

எங்கே போனாலும் டாக்டரிடம் 'பல் கூசுது' என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன குடிக்கிறீர்கள், எப்போது சாப்பிட்டுப் படுக்கிறீர்கள், என்ன மாத்திரை போடுகிறீர்கள், தூக்கம் எப்படி, காலையில் தாடை வலிக்கிறதா என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். தேய்ந்த இடத்தை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தேய்மானம் இன்னும் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பது அப்போது தெரியும்.

போன எனாமலைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் அமிலமா, பிரஷ்ஷா, கடியா என்று காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால், மிச்சம் இருப்பதை 60 வயது வரைக்கும் தாராளமாகக் கொண்டுபோகலாம்.