ஆசிரியர் தகவல் தரலாமா?

"அது அவங்க வீட்டு விவகாரம், நமக்கு எதுக்கு டீச்சர் வம்பு?" மதுரையை அடுத்த எங்கள் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், குடும்ப வன்முறை பற்றிய பேச்சு இந்த ஒரு கேள்வியில் நின்றுபோனது. அந்தத் தயக்கம் எனக்கும் உண்டு. முன்பு ஒரு மாணவியின் அப்பாவை அழைத்துப் புத்தி சொன்னேன். அன்றிரவு அவள் அம்மாவுக்குக் கூடுதல் அடி. மூன்று நாள் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை.

அடுத்த கூட்டத்துக்குக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005ஐப் படித்துவிட்டுப் போனேன். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் இது. வன்முறை நடந்ததாகவோ, நடக்கக்கூடும் என்றோ நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம் என்கிறது 4ஆம் பிரிவு. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது வழக்குப் பொறுப்பு ஏதும் வராது.

அடி மட்டுமல்ல, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும், ஆண் பிள்ளை இல்லையென்று இழிவாகப் பேசுவதும் 3ஆம் பிரிவில் அடங்கும். பெண் சிசுக்கொலைச் செய்திகளால் 1980களில் நாடறிந்த உசிலம்பட்டி எங்களுக்குத் தொலைவில்லை. கடைசியாகச் சொன்னதை வாசித்ததும்தான் தாய்மார்கள் பேசத் தொடங்கினார்கள்.

இப்போது அப்பாக்களை அழைப்பதில்லை. முதலில் தாயிடம் தனியே கேட்கிறேன். பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 இரண்டையும் எல்லோர் கண்ணிலும் படும்படி அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறோம். யார் குறித்துக்கொள்கிறார்கள் என்று நாங்கள் பார்ப்பதில்லை.