‘கழித்துக்கொள்ளப்படும்’: ஓய்வூதியக் கட்டணத்தை வாசித்தல்

கந்தர்வக்கோட்டையில் முந்திரி வியாபாரம் செய்யும் நண்பர், தனியார் ஓய்வூதியத் திட்டமொன்றின் தமிழ்க் கையேட்டைக் கொண்டுவந்து போட்டார். ‘தமிழ் எம்.ஏ. படிச்சவருதானே, இத வாசிச்சுச் சொல்லுங்க.’ உள்ளே ஒரு வரி: ‘நிதிமதிப்பில் ஆண்டுக்கு 2 சதம் கட்டணமாகக் கழித்துக்கொள்ளப்படும்.’

கழிப்பது யார்? செயப்பாட்டுவினை கருத்தாவை விழுங்கிவிட்டது. அதிகாரத்திற்கு மிகவும் பிடித்த வினைவடிவம் இது. ஆனால் இந்தப் பிரதியில் வேலை செய்யும் சொல் ‘நிதிமதிப்பில்’ என்பதுதான். நண்பர் அதைக் ‘கட்டுற பணத்துல’ என்று வாசித்திருந்தார். வருஷம் 12,000 கட்டுகிறார். அதில் 2 சதம் 240 ரூபாய். ‘டீக்காசுதானே’ என்றார்.

இந்தப் பக்கத்து முந்திரிக்காட்டை வைத்தே சொல்லிப் பார்த்தேன். காவல்காரன் காய்ப்பில் பங்கு கேட்டால் அது கூலி. வருஷா வருஷம் நூற்றுக்கு இரண்டு மரத்தையே எழுதி வாங்கிக்கொண்டால்? அந்த மரங்கள் இனிமேல் காய்க்க இருந்ததும் சேர்ந்தல்லவா போகிறது!

கணக்கு இப்படி: வருஷம் 12,000 வீதம் 30 வருஷம் கட்டினால் மொத்தம் 3.6 லட்சம். 8 சதம் வளர்ந்தால் ஏறத்தாழ 13.6 லட்சமாகும். கட்டணம் போக 6 சதமே நின்றால் 9.5 லட்சம். இழப்பு 4.1 லட்சம், அதாவது அவர் ஆயுசுக்கும் கட்டியதைவிட அதிகம். முப்பதாவது வருஷத்தில் மட்டும் கட்டணம் 18,000 ரூபாயைத் தாண்டும். அந்த வருஷம் அவர் கட்டுவதோ 12,000. இது பற்று எழுதிய வரியாகக் கண்ணில் படாது. யூனிட்டின் தினமதிப்பை அறிவிக்கும் முன்பே கழித்துவிடுகிறார்கள்.

2 சதம் என்பது மிகைப்படுத்தல் இல்லை. யூலிப் திட்டங்களில் கட்டணங்கள் வளர்ச்சியைத் தின்னும் அளவுக்கு 2010 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வரம்பு கட்டியபோது, 10 ஆண்டுக்கு மேற்பட்டவற்றுக்கு வைத்த வரம்பே 2.25 சதம். அதற்கு முந்தைய வருஷம் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் நிதி நிர்வாகக் கட்டணம் 0.0009 சதம்: லட்சத்துக்கு 90 பைசா. 2021இல் உயர்த்தியபோதும் உச்சம் 0.09 சதம். (அந்தத் திட்டத்தோடு, 2003 ஏப்ரலுக்குப் பின் தமிழக அரசு ஊழியர்கள்மேல் இறக்கப்பட்ட பங்களிப்பு ஓய்வூதியத்தோடு, நமக்குள்ள சண்டை வேறு; அது உத்தரவாதம் பறிபோனது பற்றியது.) ஆக, கட்டண அளவு சந்தை விதித்த விதி கிடையாது, யாரோ எடுக்கிற முடிவு.

சிலியில் 1981இல் ராணுவ ஆட்சி ஓய்வூதியத்தைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. அங்கே கட்டணம் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டது; நிதி வளராத காலத்திலும் நிறுவனங்களுக்கு வரும்படி நிற்கவில்லை. ராணுவம் மட்டும் தன் பழைய ஓய்வூதியத்தையே வைத்துக்கொண்டது. 2016இல் லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். நாமோ ‘தனியார்மயம்’ என்று ஒரே சொல்லில் எதிர்த்துவிட்டு, அந்தக் கையேட்டின் வரியை வாசிக்காமல் விட்டுவிடுகிறோம். நானும் இதுவரை வாசித்ததில்லை.

நண்பர் கையேட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ‘வருசா வருசம் எவ்வளவு எடுத்தாங்கன்னு கணக்குக் கேட்டு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. கழிச்சது யாருன்னும் அதுல கேளுங்க.’